பனி ரிப்போர்ட்

தம்பி வீட்டுக்குப் போன நான்காவது நாள். விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டது. பதினைந்து மணி நேர வித்தியாசம் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. கூடத்துக்கு வந்து பார்த்தால் பால்கனிக் கதவு திறந்திருந்தது. விளக்குப் போடாமல், தோளில் ஒரு போர்வையுடன் தம்பி வெளியே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தான். மணி நாலே முக்கால்.

"என்னா பண்ற?"

"நட்சத்திரம் தெரியுதான்னு பாக்குறேண்ணே."

ஒன்றுகூடத் தெரியவில்லை. வானம் சாம்பல் கரைத்த தண்ணீர்போல் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றவன், "இன்னிக்கி வேணாம், வேற நாள் போலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

எனக்குச் சுருக்கென்றது. பணி ஓய்வுக்குப் பிறகு முதல் பயணம். விமான டிக்கெட் அவன் எடுத்து அனுப்பியது. பனிச்சறுக்கு டிக்கெட்டுக்காவது நான்தான் கொடுப்பேன் என்று அடம்பிடித்து மூன்று நாளுக்கு முன்கூட்டியே பணம் கட்டியிருந்தேன். எவ்வளவு என்று மனைவியிடம் இன்றுவரை சொல்லவில்லை. ஆறு மணிக்குக் கைபேசியில் விஸ்லர் மலையின் அன்றைய பனி ரிப்போர்ட்டைப் பார்த்தேன். லிப்ட்டுகள் ஓடும். பனியின் ஆழம் இரண்டு மீட்டருக்கு மேல். இன்னின்ன சரிவுகளை இரவில் இயந்திரம் விட்டுச் சமப்படுத்தியிருக்கிறார்கள். மேலே ஒரு டிகிரி. இதில் எங்கே இருக்கிறது 'வேணாம்'? அவனை எழுப்பிக் காட்டினேன்.

"ரிப்போர்ட்ல பொய் ஒண்ணும் இல்லண்ணே" என்றான். "என்னா இருக்குன்னு சொல்லுவாங்க. நாம போற நேரத்துக்கு எப்படி இருக்கும்னு நாமதான் பாத்துக்கணும்."

ஆனாலும் போனோம். அண்ணன் கேட்டுவிட்டேன் என்ற ஒரே காரணத்துக்காக வண்டியை எடுத்தான்.

தம்பி இருப்பது ஸ்குவாமிஷில். கடல் ஒரு விரலைப்போல் மலைகளுக்குள் நீண்டு வந்து முடிகிற இடம் அது. வான்கூவரிலிருந்து 99ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் பாதி வழியில் வரும். இன்னொரு முக்கால் மணி நேரம் ஏறினால் விஸ்லர். கடல் மட்டத்தில் புறப்பட்டு, 675 மீட்டரில் இருக்கும் கிராமத்தில் வண்டியை விட்டு, லிப்ட் மாறி மாறி ஏறினால் 2,181 மீட்டர் உச்சிவரை போகலாம். பக்கத்திலேயே பிளாக்கோம் மலை, அது இன்னும் உயரம். இரண்டுக்கும் நடுவே பள்ளத்தாக்குக்கு மேலே 4.4 கிலோமீட்டருக்கு ஒரு கொண்டோலா 2008இலிருந்து ஓடுகிறது. நம் ஊரிலிருந்து போகிறவர்கள் முகநூலில் போடும் படம் பெரும்பாலும் அதற்குள் எடுத்ததுதான்.

இந்த உயரக் கணக்கை நான் சும்மா சொல்லவில்லை. ஏப்ரலில் ஒரே நேரத்தில் கிராமத்தில் மழை, நடுமலையில் மூட்டம், உச்சியில் பனிப்பொழிவு என்று மூன்றும் நடக்கும். பசிபிக் பக்கத்திலேயே இருப்பதால் ஈரத்துக்குக் குறைவில்லை. 2010 குளிர்கால ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான டவுன்ஹில் போட்டி இங்கேதான். ஏப்ரல்கூட இல்லை, பிப்ரவரி. மழையும் வெதுவெதுப்பும் சேர்ந்து பனி இளகிப்போய், 13ஆம் தேதி நடக்க வேண்டியதை 15ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தார்கள். உலகமே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அவர்களால் 'இன்னிக்கி வேணாம்' என்று சொல்ல முடிந்தது. மூன்று நாள் டிக்கெட் வாங்கிய ஓய்வுபெற்ற தமிழாசிரியரால் முடியவில்லை.

நான் பெரிய ஆள் இல்லை. 2013இல், நாற்பத்தேழு வயதில், இதே மலையில் தம்பி கையைப் பிடித்துக் கற்றுக்கொண்டேன். 2015இல் வந்தபோது கொஞ்சம் தைரியம் வந்தது. சரிவுகளுக்கு அங்கே நிறம் வைத்திருக்கிறார்கள். பச்சை சுலபம், நீலம் நடுத்தரம், கறுப்பு நமக்கில்லை. பச்சையும் நீலமும் போதும் என்று இருந்தவன். அந்த இரண்டு முறையும் நடுக்குளிர்காலம். பனி என்றால் பனி, வெள்ளையாக இருந்தால் சறுக்கலாம் என்பதுதான் எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கும் வெள்ளையாகத்தான் இருந்தது. மேலே ஏறி இறங்கியதும் அழகாக இருக்கிறதே என்றுகூடச் சொன்னேன். இருபது மீட்டர் போவதற்குள் தெரிந்துவிட்டது. ஐஸ் காச்சாங்கை மேசையில் வைத்துவிட்டு அரை மணி நேரம் கதை பேசினால் என்ன ஆகும், அந்தப் பதம். ஸ்கீ ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ அடியில் இருந்து பிடித்துக்கொண்டதுபோல் நின்றுவிடும். உடம்பு மட்டும் முன்னே போகும். திரும்ப வேண்டிய இடத்தில் கால் வராது, முட்டிதான் திரும்பும். ஐம்பத்தெட்டு வயது முட்டி. இரண்டு சுற்றில் தொடை நடுங்க ஆரம்பித்தது. மூன்றாவது சுற்றில் விழுந்தேன். மெதுவாகத்தான் விழுந்தேன், ஆனால் ஈரப்பனியில் புதைந்த ஸ்கீயை எடுக்க தம்பி வந்து குனிய வேண்டியிருந்தது. அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

திரும்பும் வழியில் நானே கேட்டேன். ராத்திரி நட்சத்திரத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

தம்பி ஏர்கோன் வேலை செய்கிறவன். கோலாலம்பூரில் கற்றுக்கொண்டு, 2004இல் கனடா போய், அங்கே பெரிய குளிர்பதனக் கிடங்குகளில் வேலை பார்க்கிறான். சூடு எங்கிருந்து எங்கே போகும் என்பது அவனுக்குத் தொழில்.

"மேகம் இருந்தா கம்பளி போத்துன மாதிரிண்ணே. பகல்ல வாங்குன சூட்ட பனி ராத்திரியில மேல விடணும். வானம் தொறந்திருந்தா விட்டுரும். காத்து ரெண்டு டிகிரி இருந்தாக்கூட மேல் தோலு உறைஞ்சிரும். மூடிக்கிச்சுன்னா விடாது. காத்து சைபருக்கு வந்தாலும் சரியா உறையாது. உறையலன்னா காலையில அடியில புடிமானமே இல்ல, கஞ்சிதான்."

அதனால்தான் வசந்தகாலப் பனியை அவன் காலையில் பார்ப்பதில்லை. முந்தைய இரவைப் பார்க்கிறான். ரிப்போர்ட்டில் 'மேலே ஒரு டிகிரி' என்று இருந்தது காற்றின் சூடு. பனியின் சூட்டை அதில் யாரும் எழுதவில்லை.

ஒரு நாள் விட்டு, மறுநாள் வியாழக்கிழமை. அவன் என்னை எழுப்பவே இல்லை, வண்டிக் கண்ணாடியைச் சுரண்டும் சத்தத்தில் நானே எழுந்தேன். கீழே, கடல் மட்டத்திலேயே, கண்ணாடியில் வெள்ளையாக உறைந்திருந்தது. பழைய வங்கி அட்டை ஒன்றை வைத்துச் சுரண்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அவ்வளவு நல்ல சகுனத்துக்குப் பிறகும், ஒன்பது மணிக்கு மேலே போனதும் என்னை ரவுண்ட்ஹவுஸ் விடுதியில் உட்கார வைத்துவிட்டான். வெளியே முந்தின நாள் ஆயிரம் பேர் போட்ட தடமெல்லாம் அப்படியே கல்லாக இறுகிக் கிடந்தது. மழையில் லோரி போன செம்மண் சாலை வெயிலில் காய்ந்தால் இருக்குமே, அந்த மாதிரி. அதில் இறங்கியவர்களின் ஸ்கீ, தகரத்தை இழுப்பதுபோல் கரகரவென்று சத்தம் போட்டது. "அந்தச் சத்தம் நிக்கட்டும், போலாம்" என்றான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே போவான். பூட்ஸ் குதிகாலால் பனியை உதைத்துப் பார்ப்பான். தலையை ஆட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்து எனக்கு வாங்கிய உருளைக்கிழங்கு வறுவலில் இரண்டு எடுத்துத் தின்பான்.

மூன்றாவது முறை அவன் எழுந்து போனபோது, அந்த முதுகை எங்கே பார்த்தேன் என்று பிடிபட்டது.

அப்பா சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். காலை நாலரைக்கு எழுந்து விளக்குப் போடாமல் லயத்து வாசலுக்குப் போய் நிற்பார். வானத்தைப் பார்ப்பார். பிறகு வாசலில் நின்ற மாமரத்தின் பட்டையில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். பட்டை ஈரமாக இருந்தால் சீவிய கோட்டில் பால் ஓடாது, பட்டை முழுக்கப் பரவி மண்ணுக்குப் போய்விடும், மங்கில் ஒன்றும் சேராது. வெயில் ஏறிவிட்டாலும் பால் வரத்து நின்றுவிடும், மரம் தன் தண்ணீரை இலைக்கு அனுப்ப ஆரம்பித்துவிடும். ஈரம் போயிருக்க வேண்டும், வெயில் வந்திருக்கக் கூடாது. அந்த இடைவெளியில்தான் எங்கள் ஐந்து பேரின் சோறு. பிரட்டில் மண்டோர் சொல்வதற்கு முன்பே அப்பா அம்மாவிடம் சொல்லிவிடுவார், "சோத்தக் கட்டு" அல்லது "படு". "படு" என்றால் அன்றைக்குக் கூலி இல்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது அவர் குரலில் எந்த வித்தியாசமும் இருக்காது.

பள்ளி விடுமுறையில் தம்பி அவரோடு நிரைக்குப் போவான், நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு. என்னை எழுப்பமாட்டார். நான் படிக்கிற பிள்ளை.

பத்தேகாலுக்கு தம்பி வாசலில் நின்று கையைக் காட்டினான். "இப்ப வாங்க."

கிழக்குப் பார்த்த ஒரு நீலச் சரிவு. முதல் வெயில் பட்டது அங்கேதான். ஸ்கீயை வைத்ததும் கரகரப்பு இல்லை. மணலில் அலை பின்வாங்கும்போது கேட்கும் சின்னச் சத்தம். குனிந்து கையுறையில் அள்ளிப் பார்த்தேன். தூள் இல்லை, சேறும் இல்லை. ஊறவைத்த ஜவ்வரிசி. உருண்டை உருண்டையாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், ஈரத்தில் மினுங்கியது. பகலில் இளகி இரவில் உறைந்து, மறுபடி இளகி மறுபடி உறைந்து, பல நாள் இப்படி நடந்தால்தான் பனித்துகள்கள் கூர்மையெல்லாம் போய் இப்படி மணியாகத் திரளுமாம். அங்கே அதைச் சோளம் என்கிறார்கள். சோளம் எதற்கு, ஜவ்வரிசியேதான் என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம்.

மேலே இரண்டு விரல்கடை இளக்கம், அடியில் இரவு உறைந்த கெட்டித் தரை. அதுதான் அதன் ரகசியம். ஸ்கீ அந்த இளக்கத்தில் இறங்கும், தரை தாங்கிக்கொள்ளும். நான் நினைத்த இடத்தில் கால் திரும்பியது. என் வாழ்க்கையில் இதுவரை நான் நன்றாகச் சறுக்கியது அந்த ஒன்றரை மணி நேரம்தான். அதில் என் திறமை எதுவும் இல்லை, பத்தேகால் என்ற நேரம்தான் இருந்தது. மூன்று சுற்று போனதும் தம்பி நிறுத்தினான். இந்தச் சரிவு முடியப்போகிறது, அடுத்தது தெற்குப் பக்கம் என்றான். கொண்டோலாவில் பள்ளத்தாக்கைக் கடந்து பிளாக்கோமுக்குப் போனோம். அங்கே செவன்த் ஹெவன் என்று தெற்கும் மேற்கும் வெயில் வாங்குகிற பக்கம். கிழக்கில் கஞ்சியாகத் தொடங்கிய நேரத்தில் அங்கே ஜவ்வரிசி பதம் வந்திருந்தது. சூரியனைச் சுற்றிக்கொண்டே மலையைச் சுற்றினால் ஒரு காலைக்குள் அதே பத்தேகாலை இரண்டு மூன்று முறை பார்த்துவிடலாம். எனக்கு அது ஏதோ ஏமாற்று வேலைபோலவும் மகிழ்ச்சியாகவும் இருந்தது.

பன்னிரண்டரை தாண்டியிருக்கும். சரிவின் நடுவில் தம்பி நின்றான். கைக்கோலைப் பனியில் குத்தினான். அடியில் இருக்கும் வட்டத்தையும் தாண்டி உள்ளே போனது. ஓரத்தில் ஒரு பாறைக்குக் கீழிருந்து, சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தானாகவே உருண்டு வந்து நின்றுகொண்டிருந்தன. குழந்தைகள் விளையாடியதுபோல் இருந்தது. ஈரப்பனி சரியப்போவதற்கு அதுதான் முதல் அடையாளம் என்று பிறகு சொன்னான். அப்போது சொன்னது இவ்வளவுதான்:

"முடிஞ்சிச்சுண்ணே. கீழ போலாம்."

"இன்னும் ஒரே ஒரு தடவ. எல்லாரும் போறாங்க பாரு."

போய்க்கொண்டுதான் இருந்தார்கள். டீ-சட்டையோடு ஓர் இளைஞர் கூட்டம் கத்திக்கொண்டே இறங்கியது. ஒரு பெண் ஆறு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"இல்லண்ணே."

கோபத்தோடுதான் கீழே வந்தேன். அந்தச் சரிவில் அன்றைக்கு எதுவும் நடக்கவில்லை. யாருக்கும் அடிபடவில்லை, எதுவும் சரியவில்லை. நாலு மணிவரை ஆட்கள் மகிழ்ச்சியாகச் சறுக்கியிருப்பார்கள். திரும்பி வருகிற முடிவுக்குச் சாட்சி கிடைப்பதே இல்லை. தம்பியிடமே கேட்டேன். "எனக்கும் தெரியாது. போயிருந்தா நல்லாவே இருந்திருக்கலாம்" என்றான். அவனுக்கு அது உறுத்தவில்லை.

இறங்கும் கொண்டோலாவில் எங்கள் இரண்டு பேர் மட்டும். அவன் கைபேசி அடித்தது. கூட வேலை செய்கிற ஒருவர், வான்கூவரிலிருந்து நாளைக்கு வரலாமா என்று கேட்கிறார். தம்பி ஆங்கிலத்தில் சொன்னது நம் மொழியில் இப்படி இருக்கும்: இன்னிக்கி காலையில தங்கமா இருந்திச்சு. ஆனா நீ நாளைக்கி வராத. மேற்கால மேகம் ஏறுது, ராத்திரி உறையாது. நான் சொல்றது தப்பாவும் போலாம். அப்பவும் வராத.

அதைக் கேட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். எனக்கு முகம் சூடாகிவிட்டது.

2017 ஜூலையில் அப்பா பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். தினமும் இரவு ஒன்பது மணிக்கு தம்பிக்குப் போன் செய்வேன். அவனுக்கு அங்கே காலை ஆறு மணி. இரத்த அழுத்தம் இவ்வளவு, ஆக்சிஜன் இவ்வளவு, மத்தியானம் மூன்று கரண்டி கஞ்சி குடித்தார். ஆசிரியர் இல்லையா, குறித்துவைத்துக்கொண்டு சொல்வேன். ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் ஏழாவது நாளிலிருந்து அவர் மணி கேட்பதை நிறுத்திவிட்டார். எந்நேரமும் "மணி என்னா" என்று கேட்கிற மனுஷன். வலது உள்ளங்கையைப் படுக்கைக்குப் பக்கத்துச் சுவரில் வைத்து வைத்து எடுப்பார். நான் அதைப் பார்த்தேன். சொல்லவில்லை. எட்டாவது நாள் தம்பி, "கெளம்பவாண்ணே?" என்று கேட்டான். "அவசரம் இல்ல, பாத்துக்கலாம்" என்றேன். வந்த பிறகு அப்பா தேறிவிட்டால் அவனுக்கு இன்னொரு முறை விடுப்பும் காசும் எங்கே என்று யோசித்தேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். படுக்கைப் பக்கத்தில் இருக்கிற மகன் நான் மட்டும்தான் என்பதில் ஒரு சின்னப் பெருமை இருந்தது என்பதும் உண்மை.

பதினோராம் நாள் விடிகாலை அப்பா போய்விட்டார். மறுநாள் எடுத்தாயிற்று. தம்பி பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வந்து சேர்ந்தான். சாவுக்கு வராத மகன் என்று சித்தப்பா வீட்டார் பேசியபோது நான் மறுக்கவில்லை. ஏழு வருடமாக மறுக்கவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் வண்டியின் பின்கதவைத் திறந்து அதில் உட்கார்ந்து பூட்ஸ் கொக்கிகளைக் கழற்றிக்கொண்டிருந்தோம்.

"அப்பாவுக்கு அப்ப," என்று ஆரம்பித்தேன், "நான் ஒனக்குச் சரியா சொல்லல தம்பி. எனக்குத் தெரிஞ்சிருச்சு. ஏழாவது நாளே."

அவன் இடது பூட்ஸை இழுத்துக் கழற்றி, கவிழ்த்துத் தட்டினான். தண்ணீர் சொட்டியது.

"ஒங்க கொரல்லயே தெரிஞ்சிச்சுண்ணே."

"அப்பறம் ஏண்டா வரல?"

"நீங்க நம்பர் சொன்னீங்க. எனக்கும் அந்த நம்பரு வசதியா இருந்திச்சு." மற்ற பூட்ஸையும் கழற்றினான். "சாக்ஸ மாத்துங்க. கால் வெறச்சிரும்."

வழியில் வேறு எதுவும் பேசவில்லை. ஸ்குவாமிஷ் வந்தபோது மலையுச்சிகள் பாதிவரை மூடியிருந்தன. அண்ணிமுறை பார்த்து என் மனைவிக்குப் போன் போட்டு, அண்ணன் நன்றாகச் சறுக்கினார் என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தது குளியலறைவரை கேட்டது.

மறுநாள் மூன்றாவது டிக்கெட் மிச்சம் இருந்தது. நாலரைக்கு எழுந்து பால்கனிக்குப் போனேன். அவன் எனக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தான். நான் வந்ததைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தான்.

"என்னாண்ணே சொல்றீங்க?"

அண்ணாந்து பார்த்தேன். வடக்கே ஒரு கிழிசலில் ஒரேயொரு நட்சத்திரம் இருந்தது. அது இருக்கும் என்று நம்பிப் பார்த்துக்கொண்டே நின்றேன். கிழிசல் மூடியது. பால்கனிக் கம்பியில் கையை வைத்தேன், ஈரமாக இருந்தது.

"படு" என்றேன்.

அவன் சிரித்துவிட்டு உள்ளே போனான். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆறு மணிக்குக் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். மேலே ஒரு டிகிரி, எல்லா லிப்ட்டும் ஓடும்.